விரைப்பையில் கட்டி: ஊசிப் பரிசோதனை ஏன் கூடாது?

கேள்வி: வயது 34. வலது விரைக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. ஸ்கேனில் 'எபிடிடிமிஸின் (விரையின் பின்புறம் ஒட்டியிருக்கும் விந்துக் குழாய்ச் சுருள்) வால்பகுதியில் 11 மி.மீ. திடக்கட்டி, அடினோமட்டாய்டு கட்டியாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். இது புற்றுநோயா? ஊசி குத்திப் பார்த்துவிடலாமே என்றால் யூராலஜி டாக்டர் மறுக்கிறார்.

பதில்: டாக்டர் மறுத்தது சரிதான்.

கட்டி விரைக்கு உள்ளேயா, வெளியேயா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. உள்ளே திடமாக இருந்தால், இல்லை என்று உறுதியாகும்வரை புற்றுநோயாகவே கருதுவோம். வெளியே இருப்பவற்றில் பெரும்பாலானவை சாதுவானவை. அடினோமட்டாய்டு கட்டி அந்த வகை. 20 முதல் 50 வயதுக்குள், பெரும்பாலும் எபிடிடிமிஸின் வாலில், 2 செ.மீ.க்குக் குறைவாக வரும், மெதுவாக வளரும், பரவாது. உங்கள் ரிப்போர்ட் இதோடு பொருந்துகிறது.

ஆனால் ஸ்கேன் மட்டும் முடிவு சொல்லாது. காசநோயும் பல சமயம் எபிடிடிமிஸின் வாலில்தான் தொடங்கும். நம் ஊரில் இதை மறக்கக் கூடாது. சிறுநீரில் காசநோய்க் கிருமிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுங்கள். குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்திருந்தால் விந்தணுக் கசிவால் வரும் முடிச்சாகவும் இருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சில அடினோமட்டாய்டு கட்டிகள் விரையின் உறையிலிருந்து கிளம்பி உள்நோக்கி அமுக்கி, விரைக் கட்டிபோலவே தெரியும். ஸ்கேன் செய்பவர் கட்டியை விரலால் பிடித்து நகர்த்தி, அது விரையிலிருந்து தனியே நகர்கிறதா என்று பார்த்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

விரைப் புற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். ரத்தப் பரிசோதனைகள் அறுவைக்கு முன்பே வேண்டும். மூன்றும் நார்மல் என்றால் புற்று இல்லை என்று அர்த்தமில்லை. செமினோமா என்ற விரைப்புற்று வகையில் பலருக்கு அவை நார்மலாகவே இருக்கும்.

இனி ஊசி விஷயம். விரையின் நிணநீர் வயிற்றுக்குள், பெருந்தமனி ஓரத்து முடிச்சுகளுக்குப் போகிறது. விரைப்பைத் தோலின் நிணநீர் தொடையிடுக்குக்குப் போகிறது. ஒருவேளை புற்றாக இருந்து, தோல் வழியே குத்தினால், புற்றுச் செல்கள் வழக்கமாகப் போகாத பாதையில் சிந்திவிடும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் அறுவையும் தொடையிடுக்கு வழியாகத்தான். விந்து நாளத்தோடு செல்லும் ரத்தக் குழாய்களைத் தற்காலிகமாகக் கிளிப் போட்டு அடைத்து, விரையை வெளியே எடுத்து, கட்டியை மட்டும் வெட்டி உறைநிலைப் பரிசோதனைக்கு (அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) அனுப்புவார்கள். சாதுவானது என்று பதில் வந்தால் விரை திரும்ப உள்ளே போகும். அந்த வசதி ஆஸ்பத்திரியில் உண்டா என்று தேதி குறிக்கும் முன்பே கேளுங்கள். இல்லையேல் காப்பாற்றக்கூடிய விரையை இழக்க நேரலாம்.

கேள்வி: வயது 22. விரைக்குள் 2 செ.மீ. கட்டி, ஸ்கேனில் 'வெங்காய வளையம்' போலத் தெரிகிறதாம். விரையை எடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: அவசியமில்லை. இந்தத் தோற்றம் எபிடெர்மாய்டு நீர்க்கட்டி என்ற சாதுவான கட்டியின் முத்திரை. தோலில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் அடுக்கடுக்காகப் படிவதால் வருவது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் உள்ளே ரத்த ஓட்டம் இருக்காது, ரத்தப் பரிசோதனைகளும் நார்மலாக இருக்கும். ஆனால் டெரட்டோமா என்ற விரைப்புற்று வகையும் சில சமயம் இப்படித் தெரியும். எனவே தொடையிடுக்கு வழியாகக் கட்டியை மட்டும் எடுத்து, சுற்றியுள்ள விரைத் திசுவையும் சிறிது எடுத்துப் பரிசோதிப்பார்கள். அதில் பின்னாளில் புற்றாக மாறக்கூடிய செல்கள் இல்லையென்றால் விரையை விட்டுவைக்கலாம்.