பட்டன் பேட்டரியை விழுங்கினால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கலாமா?

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறோம். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்த உறவினர் ஒருவர் என் மகனுக்கு விளக்கு எரியும் பொம்மை கொடுத்தார். அவனுக்கு ஒன்றரை வயது. அதிலிருந்த பட்டன் பேட்டரி கழன்றுவிட்டது. விழுங்கிவிட்டானோ என்று பதறித் தேடியதில் வளவில் (வீட்டு முற்றத்தில்) கிடந்தது. "விழுங்கினால்தான் என்ன, வாழைப்பழம் கொடுத்தால் காசு மாதிரி வெளியே வந்துவிடும்" என்கிறார் என் மாமியார். சரியா?

பதில்: அம்மா, முதலில் அந்தப் பொம்மையில் எத்தனை பேட்டரிக்கு இடம் இருக்கிறது என்று பாருங்கள். பல பொம்மைகளில் இரண்டு மூன்று இருக்கும். கணக்கு இடித்தால், பையன் சிரித்து விளையாடினாலும் இப்போதே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வது காசுக்கு ஓரளவு பொருந்தும். பேட்டரிக்குப் பொருந்தவே பொருந்தாது. அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரமான சதை வழியாக மின்சாரம் பாயத் தொடங்கும். பேட்டரியின் எதிர்மின் முனை (மைனஸ் பக்கம்) தொடும் இடத்தில் அரிக்கும் காரப்பொருள் உண்டாகி, சதை வெந்து கரையும். பேட்டரி உடையவோ ஒழுகவோ வேண்டியதில்லை. ரிமோட்டுக்கு உதவாது என்று தூக்கிப் போட்ட பழைய பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரமே இதற்குப் போதும். கார் சாவியிலும் எடை மெஷினிலும் இருக்கும் 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பேட்டரிதான் மிகவும் மோசமானது. சிறு குழந்தையின் தொண்டைக்குக் கீழே அப்படியே நின்றுவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் வந்துவிடும்.

தேவகோட்டையிலிருந்து மதுரை போய்ச் சேரவே அதில் பெரும்பகுதி போய்விடுமே! அதனால் எக்ஸ்ரே வசதியுள்ள பக்கத்து மருத்துவமனைக்கு முதலில் ஓடுங்கள், 108-ஐ அழையுங்கள். "பேட்டரி விழுங்கியிருக்கலாம்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் காசும் பேட்டரியும் வட்டமாகத்தான் தெரியும். பேட்டரியின் ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கும், அதைத் தேடிப் பார்ப்பார்கள். உணவுக்குழாயில் இருந்தால் எண்டோஸ்கோப்பி செய்து, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு, உடனே எடுத்தாக வேண்டும். வயிற்றுக்கு இறங்கியிருந்தால், குழந்தையின் வயதையும் பேட்டரியின் அளவையும் பார்த்துச் சில சமயம் காத்திருக்கலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வாழைப்பழம், சோறு, பால் எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருப்பது நல்லது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. தேன் மட்டும் விதிவிலக்கு. விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தைக்கு 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன், அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். புண் பரவுவதை அது கொஞ்சம் தாமதப்படுத்தும். போகிற வழியில் கொடுங்கள், தேன் தேடிக் கடைக்கு அலையாதீர்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

விழுங்கியதை யாரும் பார்க்காமல் போவதும் உண்டு. திடீரென்று எச்சில் வடிவது, சாப்பாட்டைத் தள்ளுவது, இருமல், மூச்சிழுப்பு என்று வந்தால் சளி என்று விட்டுவிடாதீர்கள். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் அவசரம்தான். சொட்டு மருந்து எதுவும் விடாமல் அழைத்து வாருங்கள்.

பேட்டரியை எடுத்த பிறகும் சில வாரங்கள் கவனம் வேண்டும். புண் ஆழமாகி மூச்சுக்குழாயையோ பெரிய ரத்தக்குழாயையோ துளைக்கலாம். வாந்தியில் துளி ரத்தம் வந்தாலும், மலம் கறுத்துப் போனாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த ராத்திரியே கிளம்புங்கள்.

அப்புறம், அந்தப் பொம்மையின் பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா? இல்லையென்றால் பையன் கையில் அதைத் திரும்பக் கொடுக்காதீர்கள். கழற்றிய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி அவனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.