மாவுக்கட்டைப் பிரித்த பிறகு விரல்கள் மடங்கவில்லையே, ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. ஏழு வாரங்களுக்கு முன் குளியலறை வாசலில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். போன வாரம் அதைப் பிரித்து, எக்ஸ்ரே பார்த்து, எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் கை குச்சிபோல் மெலிந்திருக்கிறது, விரல்களை மடக்க முடியவில்லை. அசைத்தால் மறுபடி விட்டுவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துவதால், அம்மா கையைத் துணியில் தொங்கவிட்டபடியே இருக்கிறார். எண்ணெய் போட்டு நீவலாமா? – ஒரு வாசகி, கரூர்.

பதில்: முதலில் அந்தத் துணியைக் கழற்றுங்கள். கட்டுப்போட்ட மருத்துவர் தனியாக வேறு ஏதும் சொல்லியிருந்தாலொழிய, இனி அதற்கு வேலை இல்லை. உங்கள் அம்மாவின் கைக்கு இப்போது அசையாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து.

எலும்பு கூடிவிட்டது என்றால் விரல் ஏன் மடங்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே பற்றிக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை மடக்கி விரியுங்கள். பற்றிய இடத்தில் உள்ளே ஏதோ உருள்கிறது அல்லவா? விரலை இறுக மடக்கும் தசை அங்கேதான் இருக்கிறது. விரல்களுக்குள் தசைப்பற்றே கிடையாது. முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் தசைகள், தசைநாண்கள் என்னும் உறுதியான கயிறுகளால் விரல் எலும்புகளை இழுக்கின்றன. அந்தக் கயிறுகளில் பெரும்பாலானவை மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு முறிந்ததும் அதே இடம்தான். அங்கே ஏற்பட்ட வீக்கம் வற்றும்போது, வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய கயிறுகள் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்கின்றன. மூட்டுகளை மூடியிருக்கும் உறையும் இறுகிவிடுகிறது. விரல் மடங்காததற்கு இவைதான் காரணம்.

மெலிவுக்குக் காரணம் வேறு. தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் மடக்குவதற்கு ஒன்று, நீட்டுவதற்கு ஒன்று என்று எதிரெதிராக அமைந்திருக்கின்றன. இழுக்க வேலை இல்லாத தசையை உடல் வீணாகப் பராமரிப்பதில்லை, சில நாட்களிலேயே கரைக்கத் தொடங்கிவிடும். கட்டைப் பிரித்ததும் அந்தக் கையைப் பார்த்து அழுத நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். வேலை கொடுத்தால் போன தசை திரும்பி வரும். ஆறு வாரத்தில் போனது ஆறு நாளில் வராது, மூன்று நான்கு மாதம் பொறுமை வேண்டும்.

இனி எலும்பு. அதைச் சுவரில் வைத்த கல்போல உயிரற்றது என்று நினைப்பதால்தான் "விட்டுவிடும்" என்ற பயம் வருகிறது. வளர்ந்த மனிதருக்குள்ள 206 எலும்புகளும் இரத்தம் ஓடும் உயிருள்ள உறுப்புகள். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைந்து கட்டுகிறது. சில வாரங்களில் அதற்குள் நாரும் குருத்தெலும்பும் வளர்ந்து இரு முனைகளையும் பிணைக்கின்றன. பிறகு கால்சியம் படிந்து அது கெட்டிப்படுகிறது. அம்மா இப்போது இந்தக் கட்டத்தில் இருக்கிறார். இதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேலாகக்கூட உள்ளே வேலை நடக்கும். பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் சேர்ந்து அந்தத் திரட்சியைச் செதுக்கி ஒழுங்கு செய்யும். எங்கே பளு விழுகிறதோ அங்கே எலும்பு தடிக்கும், விழாத இடத்தில் மெலியும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892இல் எழுதிவைத்த விதி இது. எடையற்ற விண்வெளியில் மாதக்கணக்கில் தங்கும் வீரர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைவதும் இதனால்தான். துணியில் தொங்கும் கைக்கும் நடப்பது ஏறக்குறைய அதுவே.

என்ன செய்வது? காலையும் மாலையும் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையைப் பத்து நிமிடம் அமிழ்த்தி, அதற்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நுனி மற்ற நான்கு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொடட்டும். மேசை விளிம்பில் முன்கையை வைத்து மணிக்கட்டை மேலும் கீழும் அசைக்கட்டும். உள்ளங்கையை வானம் பார்க்கவும் தரை பார்க்கவும் திருப்புவதுதான் கடைசியாக வசப்படும், அதை விடவே கூடாது. தோளையும் முழங்கையையும் மறந்துவிடாதீர்கள். கையைத் தொங்கவிட்டு வைத்திருந்தே தோள் இறுகிப்போனவர்கள் உண்டு. கொஞ்சம் வலி இருக்கும். அரை மணி நேரத்தில் அடங்கும் வலி என்றால் தொடரலாம். மறுநாள் வரை வீக்கமும் வலியும் நீடித்தால் வேகத்தைக் குறையுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் நான்கைந்து முறையாவது போவது நல்லது.

இதே முறிவோடு வந்த ஒரு பூக்காரம்மா, பயிற்சிக்கு நேரம் இல்லை என்றார். அப்படியானால் பூக்கட்டுங்கள் என்றேன். முதல் வாரம் ஒரு முழம் கட்டுவதற்குள் கண்ணீர் வந்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து என் மேசை மீது ஒரு மல்லிகைச் சரத்தை வைத்து, முடிச்சுகளைப் பார்க்கச் சொன்னார். எல்லாம் ஒரே இறுக்கம். உங்கள் அம்மாவும் ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டுத் தன் கையாலேயே சோற்றைப் பிசைந்து சாப்பிடட்டும். கீரை ஆயட்டும், வெங்காயம் உரிக்கட்டும். தண்ணீர்க் குடம், நிறைந்த வாளி, குக்கர் ஆகியவற்றை மட்டும், முறிந்த நாளிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகி மருத்துவர் சரி என்று சொல்லும் வரை தூக்க வேண்டாம்.

எண்ணெய் தடவலாம், காய்ந்துபோன தோலுக்கு இதமாக இருக்கும். ஆனால் அழுத்தி நீவுவது, சொடக்கு எடுப்பது, இன்னொருவர் பிடித்து விரலை மடக்குவது எதுவும் கூடாது. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வலுக்கட்டாயமாக மடக்கினால் மூட்டு மேலும் வீங்கி, இன்னும் இறுகும்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்: எரிச்சலோடு கூடிய கடும் வலி, கை பளபளவென்று வீங்கி நிறம் மாறுவது, கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துப்போவது. கட்டைவிரலை மேலே தூக்க முடியாமல் திடீரென்று போனாலும் அப்படியே. அங்கே ஓடும் தசைநாண் முறிவின் மேல் உரசி அறுந்திருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிவது, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எலும்பு மெலிந்திருப்பதற்கான முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ், எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு 81 ஆண்டுகள் முன்பே, 1814இல் விவரித்த முறிவு இந்த வகைதான். ஆனால் இன்றும் பலர் கையைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, அது ஏன் முறிந்தது என்று பார்ப்பதில்லை. அடுத்த விழுதலில் முறிவது இடுப்பாக இருந்தால் அம்மா படுக்கையில் விழுவார். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், அதில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுத் தரும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மருந்து தேவைப்படும். வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராமும், ஒரு டம்ளர் பாலில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் கிடைக்கும். மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், சிறுநீரகக் கல் இருந்தால் அளவு மாறும்.

அந்தக் குளியலறை வாசலில் இப்போது என்ன கிடக்கிறது? வழுக்கும் மிதியடி என்றால் இன்றே எடுத்துவிடுங்கள். சுவரில் ஒரு கைப்பிடியும், இரவில் அணையாத ஒரு சிறு விளக்கும் வையுங்கள்.