எத்தனை தலையணை?

அன்புள்ள அக்கா,

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் என் தங்கைக்கு இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. இப்போது ஆறாம் மாதம். மூச்சு வாங்குகிறது என்கிறாள். ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சு வாங்காமல் இருக்குமா’ என்கிறார்கள் வீட்டில். குழந்தைக்கு ஆகாது என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். பிரசவம் வரை சமாளித்தால் போதும்தானே?

ச.

அன்புள்ள ச.,

முதலில் அவளுடைய இதய மருத்துவருக்குப் போன் செய்து, மாத்திரையை நிறுத்தியதைச் சொல்லுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நான் மருத்துவர் இல்லை. அதே வால்வோடு ஒரு பிள்ளை பெற்றவள். கர்ப்பத்தில் ரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, துடிப்பும் வேகமாகிறது. சுருங்கிய வால்வு வழியே ரத்தம் கீழறைக்கு இறங்குவது, இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் தளரும் நேரத்தில்தான். துடிப்பு வேகமானால் அந்த நேரம் குறையும். இறங்காத ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பீட்டா பிளாக்கர் கொடுத்துத் துடிப்பைத் தணிப்பது இதற்காகத்தான். எனாலாப்ரில் மாதிரி கருவுக்கு ஆகாத இதய மருந்துகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதை மாற்றிக் கொடுக்க வேண்டியவர் மருத்துவர்.

மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டியதால், எனக்கு ஒரு தலையணை இரண்டாயிற்று, மூன்றாயிற்று. ஒருநாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிந்தது. வயிறு பெரிதாகிவிட்டது, அதுதான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைத் தொடும் முன்பே கேட்டார்: “எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?” தங்கையிடம் இன்று இதைக் கேளுங்கள். படுத்தால் இருமல், மூச்சு முட்டித் தூக்கத்தில் எழுவது, படபடப்பு என்றால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மாத்திரைக்கு அடங்காவிட்டால், தோதான வால்வாக இருந்தால், கர்ப்பத்திலேயே பலூன் வைத்து விரிக்கிறார்கள். சிசேரியன்தான் வழி என்றும் பயப்பட வேண்டாம். எபிடியூரல் என்று முதுகில் வலி மரக்க மருந்து கொடுத்து, முக்கும் நேரத்தைக் குறைத்து, சுகப்பிரசவமாகவே பலருக்கும் பார்க்கிறார்கள்.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. பிரசவம் வரை போதாது. குழந்தை வெளியே வந்ததும் கருப்பை சுருங்கி, அதிலிருந்த ரத்தம் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்பும். அதற்குப் பிறகான இரண்டு மூன்று நாட்கள் பெரிய கண்டம். எனக்கு மூச்சுத் திணறியதும் அப்போதுதான், வீடே குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்று பேசிக்கொண்டிருந்தபோது. குழந்தையைப் பார்க்க ஆள் கிடைக்கும். நீங்கள் அவள் பக்கத்திலேயே இருங்கள்.