150 கி.மீ. மிதிக்கும் முன்: சைக்கிள் கேள்வி பதில்

டயாலிசிஸ் செலவுக்குத் திண்டாடும் சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி திரட்ட, திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி வரை ஒரே நாளில் சைக்கிளில் போகப்போகும் குழுவிலிருந்து நிறைய கடிதங்கள். பயணம் ஜனவரி கடைசி ஞாயிறு. பலருக்கும் இதுதான் முதல் நெடும்பயணம். அந்தச் சாலையையும் அந்த மாதத்தையும் மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: வயது 44. வாரத்தில் மூன்று நாள் 15 கி.மீ. ஓட்டுகிறேன். இன்னும் 12 வாரம் இருக்கிறது. 150 கி.மீ. என்னால் முடியுமா? (வாசகி, தாம்பரம்)

முடியும். அதற்கு ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் மூன்று ஞாயிறு 30, 38, 45 கி.மீ. நான்காவது ஞாயிறு மறுபடி 30. அடுத்து 55, 65, 75, அதன்பின் இறங்கி 50. ஒன்பதாவது வாரம் 90, பத்தாவது வாரம் 110. பதினோராவது வாரம் 60 போதும். பன்னிரண்டாவது ஞாயிறு பயணம்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைக்கச் சொல்வதைப் பலர் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தவிர்க்கிறார்கள். தசை சீக்கிரம் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பழகும். ஏழாவது வாரம் காலில் தெம்பு இருக்கிறதே என்று நூறைத் தொட்டவர்கள்தான் எட்டாவது வாரம் முழங்காலில் ஐஸ் வைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

வார நாட்களில் இரண்டு முறை, ஒரு மணி நேரம். ஒரு நாள் நிதானமாக, பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில். இன்னொரு நாள் நன்றாக உடம்பு சூடான பிறகு ஐந்து நிமிடம் வேகம், மூன்று நிமிடம் நிதானம் என நான்கு சுற்று. ஏழாவது வாரத்திலிருந்து சனிக்கிழமை காலையும் 30 கி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் வலித்த இடத்திலேயே மறுநாளும் உட்காரப் பழகுவது அப்படித்தான்.

முன்கூட்டியே ஒருமுறை 150 ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. 110 ஓட்டிய உடம்பு, ஓய்வெடுத்து நன்றாகச் சாப்பிட்டு, கூட்டத்தோடு போகும்போது மீதி நாற்பதையும் தாங்கும். ஒரு வாரம் தவறிவிட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, நெஞ்சு வலி எது இருந்தாலும் முதல் ஞாயிறுக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அன்றைய அளவையும் சாப்பாட்டையும் அவரிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 40 கி.மீ. தாண்டினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. சுண்டுவிரல் மரத்துப்போகிறது. (வாசகர், வேளச்சேரி)

முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் காரணம் சீட் தாழ்வாக இருப்பது. ஓட்டும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் முழுவதும் நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அதுதான் சரியான உயரம். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே லேசாக மடிந்திருக்கும். ஒரேயடியாக உயர்த்தாதீர்கள், ஒருமுறைக்கு 5 மி.மீ., இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து அடுத்த 5. முழங்காலின் பின்பக்கம் வலிக்க ஆரம்பித்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அளவு கிடைத்ததும் சீட் போஸ்ட்டில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். வண்டியில் ஏற்றி இறக்கும்போது சீட்டை யாராவது இறக்கிவிட்டாலும் அடையாளம் இருக்கும்.

இன்னொரு காரணம் கனமான கியர். வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடி எண்ணுங்கள். 20 முதல் 22 முறை வந்தால் நல்லது. 15-தான் வருகிறது என்றால் இரண்டு கியர் இலகுவாக்குங்கள்.

விரல் மரப்பது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து நரம்பு அழுந்துவதால். மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பின் பாரம் முழுவதும் கைக்குத்தான் வரும், அதை மட்டமாக்குங்கள்.

கேள்வி: பயணத்துக்கு முந்தின வாரம் கடையில் "ஃபுல் சர்வீஸ்" கொடுக்கலாம் என்றிருக்கிறேன். என்னென்ன பார்க்கச் சொல்ல வேண்டும்? (வாசகர், குரோம்பேட்டை)

முந்தின வாரம் வேண்டாம். மூன்று வாரம் முன்பே கொடுங்கள். புது கேபிள் போட்டால் முதல் நூறு கி.மீ.க்குள் கொஞ்சம் தளர்ந்து கியர் தடுமாறும். புது பிரேக் கட்டை ரிம்மோடு படிய நேரம் எடுக்கும். புது சீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதெல்லாம் உங்கள் 110 கி.மீ. ஞாயிறில் தெரிந்துவிட வேண்டும், மரக்காணத்தில் அல்ல.

கடைக்குப் போகும் முன் நீங்களே செயினை அளந்து பாருங்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். செயினின் ஒரு பின்னுடைய நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். பெடலை லேசாக அழுத்தி செயினை விறைப்பாக்கிக்கொண்டு 12 அங்குலக் கோட்டைப் பாருங்கள். புது செயினில் இன்னொரு பின்னின் நடு சரியாக அந்தக் கோட்டில் நிற்கும். கோட்டைத் தாண்டி ஒன்றரை மி.மீ. போயிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 3 மி.மீ. போயிருந்தால் பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டும் தேய்ந்திருக்கும். செயின் "நீளுவது" தகடு இழுபடுவதால் அல்ல. பின்கள் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியிலும் துளி இடைவெளி விழுவதால். அந்தச் செயின் கேசட் பற்களையும் கொக்கிபோல அரித்துவிடும். அதில் புது செயினை மாட்டினால் எழுந்து நின்று மிதிக்கும்போது வழுக்கும், ஆள் ஹேண்டில்மேல் விழுவார். மூன்று வாரம் முன்பே மாற்றச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்: வழுக்கினால் கேசட் வாங்க நேரம் இருக்கும்.

கடையில் கேட்க வேண்டியவை. பின்சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ரிம் 2 மி.மீ.க்கு மேல் ஆடினால் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்தினால் தளர்ந்தது கைக்கே தெரியும். பின்சக்கரத்தில் செயின் இருக்கும் பக்கம் இந்த வருடம் ஏற்கெனவே ஒன்றிரண்டு கம்பி ஒடிந்திருந்தால், மற்றவையும் ஓய்ந்துவிட்டன என்று வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது.

சைக்கிள் எப்போதாவது வலப்பக்கம் விழுந்திருக்கிறதா? பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் டீரெய்லர் தொங்கும் சின்னத் தகடு உள்ளே வளைந்திருந்தால், மிக இலகுவான கியருக்கு மாற்றும்போது டீரெய்லர் ஸ்போக்ஸுக்குள் சிக்கிச் சக்கரமே பிய்ந்துவிடும். இதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பலர் பார்ப்பதில்லை.

பிரேக் கட்டையின் பள்ளம் மறைந்துவிட்டால் மாற்றுங்கள். மறையவில்லை என்றால், அதில் பதிந்திருக்கும் அலுமினியத் துணுக்குகளை ஊசியால் எடுத்துவிட்டு உப்புத்தாளால் தேயுங்கள். கட்டை ரிம்மில்தான் பட வேண்டும், டயரில் துளியும் படக் கூடாது. டிஸ்க் பிரேக் என்றால் பேடின் தடிமன் 1 மி.மீ.க்குக் கீழே போனதும் மாற்ற வேண்டும். டிஸ்க் பக்கம் எண்ணெய் ஸ்பிரே போகவே கூடாது. எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்றுவது சிரமம், புதிதாகப் போட்டுவிடுங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் பிசினாகும். பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம், மணலைச் சேர்த்து அரைக்கும். சைக்கிள் செயினுக்கான எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, இருபது சுற்று பின்பக்கமாகச் சுழற்றி, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைப் பழந்துணியால் ஈரம் தெரியாமல் துடையுங்கள். உள்ளே போனதுதான் வேலை செய்யும். கடலோரத்தில் பயிற்சி ஓட்டிய நாளெல்லாம் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள், உப்புக்காற்றுக்கு இரண்டு நாளே போதும். ஆனால் பைக் கடையில் வாட்டர் சர்வீஸ் கொடுக்காதீர்கள். அந்த அழுத்தம் பேரிங்கிலிருக்கும் கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: டயரில் எவ்வளவு காற்று? பஞ்சரானால் என்ன செய்வது? (இரண்டு வாசகர்கள்)

70 கிலோ எடை உள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் பின்னால் 80 பி.எஸ்.ஐ., முன்னால் 75. 32 மி.மீ. என்றால் 60-65. ஹைபிரிட் சைக்கிளின் 38 மி.மீ. டயரில் 50-55. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். காற்று குறைந்தால் பள்ளத்தில் ரிம் டியூபை நசுக்கும். அப்போது பாம்பு கடித்தது போல் அருகருகே இரண்டு ஓட்டை விழும்.

இந்தச் சாலையின் ஓரத்தில் நிஜமான எதிரி சீமைக் கருவேல முள். காய்ந்த குச்சியோடு கிடக்கும், டயரில் ஏறி நுனி உள்ளே முறிந்துவிடும். அவசரத்தில் புது டியூபைப் போட்டுக் காற்றடித்தால் அதே நுனி அதையும் குத்தும். அதனால் டயரின் எழுத்துக்கு நேராக வால்வ் இருக்கும்படி எப்போதும் மாட்டுங்கள். டியூபில் ஓட்டை வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால், டயரிலும் எழுத்திலிருந்து ஒரு சாணில், இரண்டு பக்கமும் பாருங்கள். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவினால் முள்நுனி துணியில் மாட்டும். விரலால் தடவினால் விரலில் ஏறும்.

பேட்ச் ஒட்டும்போது நடக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான்: சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவது. உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேயுங்கள், மெல்லிசாகப் பூசுங்கள், ஐந்து நிமிடம் காயவிடுங்கள். தொட்டால் கையில் ஒட்டாத பிறகே பேட்சை வைத்து அழுத்துங்கள். வழியில் டியூபை மாற்றுங்கள், பேட்ச் வேலையைச் சாப்பாட்டு இடைவேளையில் வைத்துக்கொள்ளலாம்.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை: இரண்டு டியூப், டயரை நெம்பிக் கழற்ற இரண்டு டயர் லீவர், கைப்பம்பு, 4, 5, 6 மி.மீ. அலன் கீ, அறுந்த செயினை இணைக்க, உங்கள் செயினுக்குப் பொருந்தும் ஒரு குவிக் லிங்க். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகும் என்பதால் முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். பம்பு உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே அடித்துப் பாருங்கள்.

கேள்வி: வழியில் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாதா? (வாசகர், பெருங்குடி)

போதாது. ஏழெட்டு மணி நேரம் வியர்க்கும்போது உப்பும் வெளியேறுகிறது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பிறகு குழப்பம் என்று அது காட்டும். அதை நீர் வறட்சி என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து.

உங்கள் வியர்வையை நீங்களே அளக்கலாம். ஒரு பயிற்சி நாளில் கிளம்பும் முன்னும் வந்த பின்னும், வியர்வையைத் துடைத்துக்கொண்டு எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். குடித்ததை அதோடு கூட்டுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 500 முதல் 750 மி.லி. சரியாக இருக்கும். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்தால் வயிற்றைப் பிரட்டும். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. கூடவே உப்புக் கடலையோ ஊறுகாயோ வேண்டும்.

சாப்பாட்டில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம். வாழைப்பழமும் இரண்டு கடலைமிட்டாயும் ஒரு மணி நேரத்தைத் தாங்கும். பசித்த பிறகு சாப்பிடாதீர்கள், முதல் அரை மணியிலேயே ஆரம்பியுங்கள். கிளம்ப இரண்டு மணி நேரம் முன் நான்கு இட்லி. நெய்ப் பொங்கல், வடை இரண்டையும் புதுச்சேரி போய்ச் சேர்ந்ததும் சாப்பிடலாம். கொழுப்பு வயிற்றிலேயே தங்கி மிதிக்க விடாது.

கேள்வி: பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடலாமா? (பெயர் வேண்டாம்)

கூடாது. தையல் உராய்ந்துதான் புண் வரும். துவைத்து வெயிலில் காயவைத்த ஷார்ட்ஸ், தொடை இடுக்கில் வாஸ்லின், கால் மணிக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று பத்து மிதி. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அந்த ஷார்ட்ஸைக் கழற்றிக் குளிப்பது.

கேள்வி: மறுநாள் சைக்கிளிலேயே திரும்பலாமா? (வாசகர், அடையாறு)

ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது 150 கி.மீ.யும் அதை எதிர்த்துத்தான் மிதிக்க வேண்டும். முதல் முறை போகிறவர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: கி.மீ.க்கு 10 ரூபாய் என்று நாற்பது பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாதியில் நின்றால் நோயாளிகளுக்கு நஷ்டமாகுமே? (வாசகி, மேடவாக்கம்)

உங்கள் மனசு புரிகிறது. அதனாலேயே இந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்கிறோம். "நான் ஓட்ட முயல்வதற்காக மொத்தம் இவ்வளவு" என்று பேசி, கிளம்பும் முன்பே நேராக நோயாளிகளுக்கு உதவும் அறக்கட்டளையின் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். கி.மீ. கணக்கு இருந்தால், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த மனம் வராது. நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வெயிலில் வியர்வை நின்றுபோவது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று வந்தாலும் இறங்கி, பின்னால் வரும் வண்டியில் ஏறிவிடுங்கள். பக்கத்தில் ஓட்டுபவருக்கும் இந்த நான்கையும் சொல்லிவையுங்கள். தலைசுற்றுகிறவருக்குத் தனக்குத் தலைசுற்றுவது எப்போதும் தெரிவதில்லை.

கேள்வி: என்னுடையது கியர் இல்லாத பழைய சைக்கிள். வரலாமா? (வாசகர், செங்கல்பட்டு)

வாருங்கள். சாலை ஏறக்குறைய மட்டம், காற்றும் பின்னாலிருந்து. மேலே சொன்ன 12 வாரமும் செயின் அளவும் உங்களுக்கும் பொருந்தும். இரண்டு பெடல் கப்பிலும் பால்ரஸ் கழுவிக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள், பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் ஆடுகிறதா என்று பாருங்கள். பையில் நான்கு விரல் நீளத்துக்கு வால்வ் டியூப் (வால்வுக்கு மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்) ஒரு துண்டு கட்டாயம்; உங்கள் வால்வுக்கு அது கூட்டத்தில் வேறு யாரிடமும் இருக்காது.