ஃபிராங்கன்ஸ்டைன்: எந்தப் பதிப்பு, கூடவே எந்தப் புத்தகம்?

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வாங்குவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கடையில் ஏகப்பட்ட பதிப்புகள் இருக்கின்றன. எதை வாங்கலாம்?

அட்டையை விடுங்கள். உள்ளே இருக்கும் பாடம், அதாவது நாவலின் மூல வாசகம், எந்த ஆண்டுடையது என்று முதலில் பாருங்கள். 1818 ஜனவரியில் இந்த நாவல் ஆசிரியர் பெயர் இல்லாமல், மூன்று பாகங்களாக, 500 பிரதிகள் மட்டும் அச்சாகி வந்தது. 1831இல் பென்ட்லி என்ற பதிப்பாளரின் மலிவு விலை வரிசைக்காக மேரியே திருத்தி, புதிய முன்னுரை எழுதி, ஒரே புத்தகமாகக் கொடுத்தார். இன்று விற்பவை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

வித்தியாசம் சின்னதில்லை. நாவலின் நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், ஓர் உயிரைப் படைப்பவன். அவன் மணக்கவிருக்கும் எலிசபெத் 1818இல் அவனுக்கு அத்தை மகள். 1831இல் கோமோ ஏரிப் பக்கம் ஓர் ஏழைக் குடும்பத்திடமிருந்து எடுத்து வளர்த்த பெண். முதல் பாடத்தில் விக்டர் தானாக முடிவெடுத்துத் தவறுகிறான். பிந்தைய பாடத்தில் விதி தன்னை இழுத்துப்போனதாக அடிக்கடி பேசுகிறான். அவன் எவ்வளவு குற்றவாளி என்பதே இதனால் மாறிவிடுகிறது.

முதல் வாசிப்புக்கு 1818தான். ஆக்ஸ்ஃபோர்ட் வரிசையில் மர்லின் பட்லர் தொகுத்ததை வாங்குங்கள். 1831இன் முக்கிய மாற்றங்களும் பின்னிணைப்பில் உண்டு. எந்த ஆண்டுப் பாடம் என்று எங்குமே சொல்லாத பதிப்பைத் தொடாதீர்கள்.

என்னிடம் இருக்கும் பழைய பிரதியில் ஆண்டே போடவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

அத்தியாய எண்ணைப் பாருங்கள். 1 முதல் 24 வரை தொடர்ந்து போனால் 1831. மூன்று பாகங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் எண் மறுபடி 1இல் தொடங்கினால் 1818. எலிசபெத் வீட்டுக்கு வரும் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். கட்டுரை எழுத எது உதவும்?

நார்ட்டன் விமர்சனப் பதிப்பு, ஜே. பால் ஹன்டர் தொகுத்தது. 1818 பாடத்தோடு விமர்சனக் கட்டுரைகளும் இருக்கும். வாழ்க்கை வரலாற்றுக்கு மிராண்டா சீமோர் எழுதியது. மேரி ஷெல்லியையும் அவர் தாய், எழுத்தாளர் மேரி வோல்ஸ்டன்கிராஃப்டையும் சேர்த்துப் படிக்க சார்லட் கோர்டனின் ‘ரொமான்டிக் அவுட்லாஸ்’.

எந்தப் பதிப்பானாலும் தொகுப்பாளர் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். கதை முழுவதையும் அதிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஆசிரியர் கடைசியாகத் திருத்தியதுதானே அவருடைய முடிவான விருப்பம்? 1831ஐ ஒதுக்குவது மேரிக்கே அவமரியாதை இல்லையா?

நல்ல கேள்வி, நியாயமான வாதமும்கூட. ஆனால் 1831 முன்னுரையில் மேரி, கதையில் எதையும் மாற்றவில்லை, திருத்தங்கள் பெரும்பாலும் நடை சார்ந்தவை என்கிறார். எலிசபெத்தின் பிறப்பே மாறியிருக்கும்போது அந்தச் சொல்லை அப்படியே ஏற்க முடியவில்லை. நாவலைத் தொடங்கியபோது அவருக்கு 18 வயது. திருத்தியபோது 30 தாண்டிவிட்டது; கணவரையும் மூன்று குழந்தைகளையும் இழந்திருந்தார். விதியைப் பற்றிய அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன். அதனால்தான் 1831ஐ இரண்டாவதாகப் படிக்கச் சொல்கிறேன். பெங்குவினில் மாரிஸ் ஹிண்டில் தொகுத்தது அந்தப் பாடம்.

மேலே கேட்டவருக்கு ஆதரவாக: 1818இல் மேரியின் கணவர், கவிஞர் பெர்சி ஷெல்லியின் கை நிறைய இருக்கிறது. 1831தான் மேரி மட்டும் எழுதியது!

இல்லை. பெர்சி கைவைத்த வாக்கியங்களில் பெரும்பாலானவை 1831இலும் அப்படியே இருக்கின்றன. கையெழுத்துப் பிரதி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. யார் எழுத்து எங்கே என்று தெரிகிறது. சார்லஸ் ராபின்சன் என்ற ஆய்வாளர் அதை வரி வரியாகப் பார்த்து, சுமார் 72,000 சொற்களில் 4,000 முதல் 5,000 வரை பெர்சியுடையவை என்று கணக்கிட்டார். 2008இல் அவர் கொண்டுவந்த பதிப்பு நாவலை இரண்டு முறை அச்சிடுகிறது: பெர்சியின் சொற்களைச் சாய்வெழுத்தில் காட்டி ஒரு முறை, அவற்றை நீக்கி இன்னொரு முறை. மேரி மட்டும் எழுதியது வேண்டுமென்றால் அந்த இரண்டாவது பாதியைப் படியுங்கள். ஒரு பெண் எழுதியதைக் கணவன் பெயரில் ஏற்றும் பேச்சு 1818இலேயே தொடங்கிவிட்டது. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்கூட எழுதியவர் பெர்சி என்றே நினைத்தார். அதை நாமும் தொடர வேண்டாம்.

எந்தப் பதிப்பு வாங்கலாம் சார்?

முதல் பதிலைப் படியுங்கள்.

குறைந்த விலையில் ஒன்று கிடைத்தது. பாடம் பற்றி எதுவும் போடவில்லை. பரவாயில்லையா?

வேண்டாம். சுருக்கிய பதிப்பாகவும் இருக்கலாம். முழு நாவல், வடதுருவப் பயணி வால்டன் எழுதும் கடிதங்களோடு தொடங்கும். அப்படித் தொடங்குகிறதா என்றாவது பாருங்கள்.

டிராகுலாவுக்கும் இதே மாதிரி சொல்லுங்களேன்.

அது என் துறை இல்லை. தெரிந்தவரிடம் கேளுங்கள்.

நாவலோடு சேர்த்து என்ன படிக்கலாம்? விமர்சனம் வேண்டாம்.

நாவலில் விக்டர் படைத்த உயிரே படித்த புத்தகங்களைப் படியுங்கள். மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’, புளூடார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகள், கெதேயின் ‘வெர்தர்’ நாவல். மூன்றுக்கும் நேரமில்லை என்றால் மில்டன் மட்டும், அதிலும் பத்தாம் காண்டத்தில் ஆதாம் புலம்பும் இடம். ‘என்னைப் படைக்கச் சொல்லி நான் கேட்டேனா’ என்ற அந்த வரிகளை மேரி 1818 தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்.

எங்கள் வாசிப்புக் குழுவில் சிலரிடம் 1818, சிலரிடம் 1831. ‘பத்தாம் அத்தியாயம்’ என்றால் குழப்பம்.

1818இன் முதல் அத்தியாயம் 1831இல் இரண்டாகிவிட்டது. அதனால் 1818இன் முதல் பாகத்தில் மற்ற அத்தியாய எண்களோடு 1 கூட்டுங்கள், இரண்டாம் பாகத்தில் 8, மூன்றாம் பாகத்தில் 17. பனிமலையில் விக்டரும் அவன் படைத்த உயிரும் சந்திப்பது 1818இல் இரண்டாம் பாகம், 2ஆம் அத்தியாயம், 1831இல் 10.