நான்கு பரிமாணத்துக்கு நான்கு லூப்பா?

கேள்வி: ஸ்கேன் படத்தின் இரைச்சலைக் குறைக்க, அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை ஜூலியா நிரல்மொழியில் கணக்கிடுகிறேன். இருபரிமாணத்துக்கு ஒரு ஃபங்ஷன், முப்பரிமாணத்துக்கு இன்னொன்று. இப்போது நேரமும் சேர்ந்து நான்கு. மறுபடியும் எழுதணுமா சார்?
- ஒரு வாசகி, கோவை

பதில்: வேண்டாம்மா, இருப்பதையும் அழித்துவிடுங்கள். பரிமாணத்துக்கு ஒரு லூப், ஒரு எண் என்று ஐ, ஜே, கே எனத் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் சிக்கல். ஜூலியாவிலேயே இருக்கும் கார்ட்டீசியன்இண்டிசஸிடம் (CartesianIndices) உங்கள் படத்தின் எண்கள் அடுங்கிய அணியைக் (array) கொடுத்தால், எத்தனை பரிமாணமானாலும் ஒரே லூப்பில் ஒவ்வொரு இடத்தையும் முழு முகவரியாகத் தரும். அதிலிருந்து எல்லாப் பரிமாணத்திலும் 1 கழித்தால் ஒரு மூலை, கூட்டினால் எதிர்மூலை. உள் லூப் இவ்விரண்டுக்கும் நடுவே ஓடட்டும்.

பலரும் இடறுவது ஓரத்தில்தான்; அங்கே அக்கம்பக்கம் அணிக்கு வெளியே போய்விடும். கீழ்மூலைக்கு அணியின் முதல் முகவரியோடு மேக்ஸ் (max, பெரியது), மேல்மூலைக்குக் கடைசி முகவரியோடு மின் (min, சிறியது) போடுங்கள். அப்புறம், இருபரிமாணத்தில் போல 9 ஆல் வகுக்கும் பழக்கத்தை விடுங்கள். முப்பரிமாணத்தில் 27, நான்கில் 81, ஓரத்தில் அதைவிடக் குறைவு. உள் லூப்பிலேயே புள்ளிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையால் வகுப்பதுதான் சரி. விடையைப் புது அணியில் எழுதுங்கள். பழையதிலேயே எழுதினால் மாறிய மதிப்பு அடுத்த புள்ளியின் கணக்கில் புகுந்துவிடும்.

ஆமாம், நேரத்தையும் சேர்த்தா சராசரி எடுக்கப்போகிறீர்கள்? நான் எடுக்கமாட்டேன். கூட்டிக் கழிக்கும் அந்த 1களில், நேரத்துக்கு மட்டும் 0 வையுங்கள்.