இலவச வைத்தியம் உள்ள நாட்டில்கூட அகதிகளுக்கும் இடம்பெயர்ந்தோருக்கும் சிகிச்சை ஒழுங்காகக் கிடைப்பதில்லையே, ஏன்? அதை எப்படி உறுதிசெய்வது?

இந்தக் கேள்வியை எங்கள் குடும்பம் இரண்டு நாடுகளில் அனுபவித்திருப்பதால் எழுதுகிறேன். நாங்கள் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்க்காரர். 2006 இல் மூதூர் கிழக்கில் சண்டை மூண்டபோது ஊரை விட்டு மன்னாருக்குப் போய், அங்கிருந்து படகேறித் தனுஷ்கோடியில் இறங்கி, தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பதிந்து, திருச்சிப் பக்கத்து முகாமொன்றில் பத்து வருடம் இருந்தோம். அரசின் கையிலிருந்த சம்பூர்க் காணிகள் 2015 இல் விடுவிக்கப்பட்டதைக் கேள்விப்பட்டு, அடுத்த வருடம் ஐ.நா. அகதிகள் முகவரகம் எடுத்துத் தந்த பயணச்சீட்டில் திரும்பினோம்.

வைத்தியசாலை வாசலில் எங்களை எவரும் மறித்ததில்லை. அங்கேயும் மறிக்கவில்லை, இங்கேயும் மறிக்கவில்லை. சிக்கல் வாசலுக்கு உள்ளே, அதுவும் இரண்டாவது மூன்றாவது தடவை போகும்போதுதான் தொடங்கியது.

அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும். முகாமுக்கு அருகிலிருந்த அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் மருந்து எடுத்தவர், திரும்பி வரும்போது ஒரு பொலித்தீன் பையில் மிச்ச மாத்திரைகளை முடிந்து கொண்டுவந்தார். திருகோணமலையில் முதல் நாள் வைத்தியர் அந்தப் பையை மேசையில் கொட்டிப் பார்த்தார். அட்டைகளை எண்ணிக்கைக்கு ஏற்ப வெட்டிக் கொடுத்திருந்தபடியால் பெயர் இருந்த பக்கம் ஒன்றிலும் இல்லை. ஒரு துண்டில் மட்டும் "மெட்ஃபோ" வரை தெரிந்தது. என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "நீளமா வெள்ளையா ஒண்டு, காலையில சின்னதா பாதி" என்றார் அம்மா. வைத்தியர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். இரத்தச் சோதனை, புதிய கிளினிக் கொப்பி, குறைந்த அளவில் மருந்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் சோதனை. அந்த ஒரு மாதத்தில் அம்மாவின் சீனி ஏறிய ஏற்றத்துக்கு யாரைக் குறை சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விலாசம் அடுத்த சிக்கல். சம்பூரில் வீடு கட்டி முடியும்வரை திருகோணமலை நகரில் சின்னம்மா வீட்டில் தங்கினோம். அடையாள அட்டையிலோ பழைய சம்பூர் விலாசம். இலங்கையின் தாய் சேய் நலச் சேவை பிரதேசம் பிரித்து நடப்பது: ஒவ்வொரு குடும்பநல உத்தியோகத்தருக்கும் ஒரு பகுதி, அந்தப் பகுதியின் வீடுகள் அவருடைய பதிவேட்டில் இருக்கும், கர்ப்பிணியையும் குழந்தையையும் அவரே வீடு தேடி வந்து பார்ப்பார். நிலையாக ஓரிடத்தில் வாழ்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் நகரத்துப் பதிவேட்டிலும் இல்லாமல், சம்பூர் அடங்கும் மூதூர்ப் பதிவேட்டிலும் இல்லாமல் நடுவில் நிற்பவரைத் தேடி வர எவருமில்லை. நகரத்தில் ஓர் அலுவலகத்தில் "மூதூருக்குப் போங்கள்" என்றார்கள். மூதூரில் "இப்போது இருக்கும் இடத்தில் பதியுங்கள்" என்றார்கள். தங்கை அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

இதற்கிடையில் மலேரியாக்காரர் மட்டும் எங்களைச் சுணங்காமல் கண்டுபிடித்துவிட்டார்கள். இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016 செப்டெம்பரில். இந்தியாவிலிருந்து வருபவர்களின் இரத்தத்தில் அது திரும்பி வந்துவிடக் கூடாதென்ற கவனம் நியாயமானது. வீட்டு வாசலில் வைத்து எல்லோருடைய விரலிலும் குத்தினார்கள். வந்து சேர்ந்தவர்களைத் தேடிப் பிடிக்க அரசால் முடியும் என்பதை அன்றைக்கே கண்டுகொண்டேன். அதே கையோடு அம்மாவின் மருந்தையும் தங்கையின் கர்ப்பத்தையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கடைசியில் எங்களை மீட்டவர் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் அக்காதான். எந்தப் பதிவேடு என்று பாராமல் தங்கையைத் தன் கிளினிக்குக்கு வரச் சொன்னார். அவளுடைய மூத்த பிள்ளையின் இந்தியத் தடுப்பூசி அட்டையையும் இங்குள்ள அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். அங்கே ஐந்நோய்த் தடுப்பூசி ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில். இங்கே இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில். அங்கே அவள் "தட்டம்மை ஊசி" என்று போட்டது சின்னமுத்துக்கு (தட்டம்மையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) மட்டும். இங்கே ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடுவதில் கூகைக்கட்டுக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்தே இருக்கிறது. எது போட்டாயிற்று, எது பாக்கி என்று பென்சிலால் குறித்துத் தந்தார். அரை மணித்தியால வேலை. அதைச் செய்ய அவரிடம் உத்தரவு ஏதும் இருக்கவில்லை.

சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். இலங்கையும் இந்தியாவும் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. ஆனால் பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கை 1980 இல் சேர்ந்தது. அதன் 12 ஆவது உறுப்புரை சுகாதாரத்தை எல்லோருக்கும் உரிய உரிமையாகச் சொல்கிறது. எங்களுக்காவது நாடு, மொழி, உறவு என்று பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது. 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் தத்தளித்த படகிலிருந்து மியன்மாரைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ரோகிங்கியா மக்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து, வைத்தியப் பரிசோதனை செய்து, பாடசாலை ஒன்றில் தங்கவைத்தார்கள். ஊர்ச் சனம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது. சில நாட்களில் அவர்களை முல்லைத்தீவிலுள்ள விமானப்படை முகாமுக்கு மாற்றினார்கள். தமிழும் சிங்களமும் தெரியாத ஒரு தாய் தன் பிள்ளைக்கு எங்கே நோகிறது என்று வைத்தியருக்கு எப்படிச் சொல்லியிருப்பாள் என்பதே எனக்கு நெடுநாள் யோசனையாக இருந்தது.

ஆகவே உறுதிசெய்வதென்றால், தற்போது தங்கியிருக்கும் இடத்திலேயே பதியலாம் என்ற எழுத்து மூலமான உத்தரவு முதலில் வேண்டும். அதன் பிறகு, எல்லை கடந்தாலும் கையோடு வரக்கூடிய ஒரு மருத்துவக் குறிப்பும், மொழி தெரிந்த ஒருவரும். புதிய கட்டடங்கள் பிறகு வரட்டும்.

முகாமிலிருந்து திரும்ப ஆயத்தமாகும் உறவுகள் என்னிடம் கேட்கும்போது நான் சொல்வது இவ்வளவுதான். கிளம்புமுன் மருந்தின் பெயரையும் அளவையும் அங்குள்ள மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அட்டையை வெட்டித் தந்தால் பெயருள்ள துண்டைக் கேட்டு எடுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். வந்த முதல் வாரத்திலேயே தங்கியிருக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் குடும்பநல உத்தியோகத்தரை விசாரியுங்கள். பெரியவர்களை வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதென்றால் காலை ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். அதற்குப் பிறகு இருக்கக் கதிரை கிடைக்காது.